எட்டும் எய்ட்டும் ஒரே சொல்லா? சின்னச் சொற்கள் செய்கிற குழப்பம்

பம்புக்கடை (கோவை)

போன வாரம் எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். நான் மோட்டார் பம்பு உதிரி பாகம் விற்கிறவன். விஜயவாடாவில் ஒரு வாடிக்கையாளர், பதினைந்து வருடப் பழக்கம். என் தெலுங்கு அரைகுறை, அவர் தமிழும் அப்படித்தான், ஆனாலும் இத்தனை வருடமும் போனிலேயே எல்லாம் ஓடியது. ஆறு இம்பெல்லர் கேட்டிருந்தார். கூடவே இருபது சீலும் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அவசரம் லேதண்டி" என்றார். சரி, அவசரம் இல்லை என்கிறார், மெதுவாக அனுப்பினால் போதும் என்று எடுத்துக்கொண்டு, நாலு நாள் கழித்து இருபது சீலையும் லாரியில் போட்டுவிட்டேன்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. வேண்டாம் என்றுதானே சொன்னேன், எதற்கு அனுப்பினீர்கள் என்கிறார். அவர்கள் பேச்சில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. லாரி வாடகை போக வர என் கணக்கில் போனது, அது போகட்டும். தேவையில்லாத சரக்கைத் தலையில் கட்டப் பார்த்தேன் என்று பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அவருக்கு ஒரு நிமிடமாவது தோன்றியிருக்குமே, அதுதான் உறுத்துகிறது.

அதே வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வாட்ஸப் செய்தி சுற்றியது. எட்டுதான் எய்ட், ஒன்றுதான் ஒன், கொல்தான் கில், ஆங்கிலமே தமிழிலிருந்துதான் வந்தது என்று நீளமான பட்டியல். பக்கத்து மாநிலத்திலேயே ஒரே சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது, ஏழு கடல் தாண்டி எட்டு மட்டும் எப்படி அப்படியே இருக்கும்? எது சொந்தம், எது சும்மா ஒத்துப்போவது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

குமரிக்கோடு

அண்ணா, அந்தப் பட்டியலை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் என்று சொல்லலாம், நூறு சொல் ஒத்துப்போனால்? தமிழ் எவ்வளவு பழமையான மொழி என்று உலகமே ஒப்புக்கொள்கிறது. நம்மிடமிருந்து போன சொல்லை நம்மிடமிருந்து போனது என்று சொல்ல மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? என் அப்பா தமிழாசிரியர். "நம் சொல்லுக்கு வேறு எவனோ உரிமை கொண்டாடுகிறான்" என்று அவர் வருத்தப்பட்டதைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

ஏட்டுச்சுவடி

பம்புக்கடை ஐயா, முதலில் உங்கள் அவசரத்தைப் பார்த்துவிடுவோம். அது எல்லாருக்கும் சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். அங்கே அவசர என்றால் தருணம், வாய்ப்பு. இந்தியில் இன்றும் வாய்ப்பு, மலையாளத்திலும் வாய்ப்பு. தெலுங்கில் தேவை. தமிழிலும் கன்னடத்திலும் வேகவேகமாகச் செய்ய வேண்டியது. வழியை யோசித்துப் பார்த்தால் புரிகிறது: தருணம் வந்துவிட்டது என்றால் ஒருவர் வாய்ப்பு என்று நினைக்கிறார், ஒருவர் வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறார், நாம் ஓடு ஓடு என்று நினைத்துவிட்டோம். அப்புறம் இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தெலுங்கில் நம் அவசரத்துக்குச் சொல்லும் சொல் தொந்தர. அவர் "தொந்தர லேது" என்று சொன்னால் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அப்போதுதான் மெதுவாக அனுப்பலாம் என்று பொருள்.

சம்சாரமும் இதே கதைதான். நமக்கு மனைவி, தெலுங்கில் குடும்பம், மலையாளத்தில் பேச்சு. இவையெல்லாம் ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு ஊரில் வளர்ந்த சொற்கள். எட்டும் எய்ட்டும் நேர் எதிர்: வேறு வேறு வீட்டில் பிறந்து, இன்று பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கிறவை. எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். இரண்டையும் பின்னோக்கி நடக்க விட்டுப் பார்க்க வேண்டும்.

எட்டை எடுத்துக்கொள்வோம். எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்கிறோம். திருவள்ளுவர் எண்குணத்தான் என்கிறார். எங்கேயும் எட்டுப்பது கிடையாது. கன்னடத்தில் இன்றும் எண்டு. அதாவது அடிச்சொல் எண், அதோடு து சேர்ந்து, ண் மறைந்து ட் இரட்டித்து எட்டு ஆகியிருக்கிறது. ஆங்கில எய்ட்டை அதே மாதிரி பின்னால் கொண்டுபோங்கள். எழுத்துக்கூட்டலில் நடுவே ஜி, எச் என்று இரண்டு எழுத்து சும்மா நிற்கிறதே, அது சும்மா வந்ததில்லை, ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து ஃக் என்று ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் எஅஃக்தா, ஜெர்மனில் இன்றும் ஆஃக்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்: எண், ஆக்டோ. பழசைத் தோண்டத் தோண்ட இரண்டும் விலகிப் போகின்றன. உறவுக்காரச் சொற்கள் என்றால் பழமைக்குப் போகப் போக நெருங்கி வர வேண்டும். நடந்தது இதுதான், ஒருவர் ண்-ஐத் தொலைத்தார், இன்னொருவர் க்-ஐத் தொலைத்தார், தேய்ந்த பிறகு இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

ஒன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தின் பழைய வடிவம் ஆன். இன்று அவர்கள் வாயைக் குவித்து வன் என்கிறார்களே, அந்த வ் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அலோன், ஒன்லி என்ற சொற்களுக்குள்ளும் அதே ஒன்தான் இருக்கிறது, அங்கே வ் இல்லை பாருங்கள்.

குமரிக்கோடு தம்பி, நூறு சொல் ஒத்துப்போகிறதே என்றீர்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, வரிசை முக்கியம். எட்டு ஒத்துப்போகிறது, சரி. ஏழும் செவனும்? ஆறும் சிக்ஸும்? ஐந்தும் ஃபைவும்? இப்போது கன்னடத்தை வையுங்கள்: ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆறு, ஏளு, எண்டு, ஒம்பத்து, ஹத்து. முழு வரிசையும் கையைக் கோத்துக்கொண்டு வருகிறது. பத்து மட்டும் ஹத்து என்று முகம் மாறி நிற்கிறதே என்று பார்த்தால், அங்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பால் ஹாலு, புலி ஹுலி, பெண் ஹெண்ணு, பூ ஹூ. பழைய கன்னடத்தில் இவை ப-வில் தொடங்கியவைதான், பிறகு ஹ ஆயின. நமக்கும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது: அவர்களுக்குக் கிவி, நமக்குச் செவி. அவர்களுக்குக் கேரி, நமக்குச் சேரி. அங்கே கெம்பு என்றால் சிவப்பு, நமக்கு அதுதான் செம்மை. உறவு என்பது ஒரு சொல்லோடு ஒரு சொல் சிரித்துக்கொள்வதில்லை, ஒரு கூட்டமே ஒரே விதிப்படி மாறியிருப்பது.

மாணவி_மூன்றாமாண்டு

ஒரு சந்தேகம் அண்ணா. கொரிய மொழி? நான் தினமும் கொரிய நாடகம் பார்க்கிறேன். அம்மாவை ஒம்மா என்கிறார்கள், அப்பாவை அப்பா என்றே சொல்கிறார்கள், நான் என்பதற்கு நா, நீ என்பதற்குப் பேச்சில் நீ. முதல் முறை கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவும் தற்செயலா?

ஏட்டுச்சுவடி

சிலிர்ப்பது நியாயம்தான் அம்மா. உங்களுக்கு முன்பே பெரிய ஆட்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1900-களின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுத் தனிப் புத்தகமே எழுதினார். ஜப்பானில் ஓனோ சுசுமு ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு தேடிப் பல ஆண்டு உழைத்தார். ஆனால் நான் மேலே சொன்ன விதிப்படியான வரிசை கிடைத்ததாக மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

அம்மா அப்பா இருக்கிறதே, அது ஒப்பீட்டுக்கு ஆகாத சொல். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1959-இல் இதைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். குழந்தை உதட்டை மூடித் திறந்தால் முதலில் வருவதே ம, ப, ப்ப. எந்த ஊர்க் குழந்தையும் இதைத்தான் சொல்லும், அந்தந்த ஊர்ப் பெற்றோர் என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, தேதா என்றால் அம்மா!

பனங்கிழங்கு (பாரிஸ்)

சிங்களத்தில் மம என்றால் நான். மல்லி என்றால் தம்பி. கொழும்பில் சின்ன வயதில் கடைக்குப் போனால் முதலாளி என்னை மல்லி, மல்லி என்று கூப்பிடுவார், நான் கொத்தமல்லி வாங்க வரவில்லையே என்று நினைத்திருக்கிறேன்.

எனக்குச் சொல்ல ஒரு பெரிய கதை இருக்கிறது, வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

பினாங்குக்காரி

மலாய் பக்கத்திலிருந்து என் பங்கு. நான் படித்தது மலாய்வழிப் பள்ளி. முதலாம் வகுப்பில் ஆசிரியை எல்லாப் பிள்ளைகளிடமும் "இக்காட் தாலி காசுட்" என்று சொல்லி அனுப்பியிருந்தார், தினமும் வீட்டில் கட்டிப் பழகுங்கள் என்று. நான் வீட்டுக்கு வந்து பாட்டியிடம், "டீச்சர் தாலி கட்டப் பழகச் சொன்னாங்க பாட்டி" என்றேன். பாட்டி கையில் முறம், அதில் பாதி புடைத்த அரிசி. முறத்தை அப்படியே தரையில் வைத்தார். அம்மா வேலையிலிருந்து வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு. மலாயில் தாலி என்றால் கயிறு. தாலி காசுட் என்றால் சப்பாத்துக் கயிறு. கட்டச் சொன்னது அதை.

வளர்ந்த பிறகு நானும் நினைத்தேன், கயிறு என்றாலே தாலி என்றால் நம்மவர்கள்தானே கொண்டுபோயிருக்க வேண்டும்? சோழர் கப்பல், கடாரம், எல்லாம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது, அப்படி நினைக்காமல் என்ன செய்ய. ஆனால் பிலிப்பைன்ஸ் தோழி ஒருத்தி கட்டு என்பதற்குத் தாலி என்றாள். ஆப்பிரிக்கா பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கரில் கயிறுக்குத் தாதி என்ற சொல். அந்தத் தீவின் மொழி மலாய்க்குச் சொந்தம், போர்னியோ பக்கமிருந்து படகில் போனவர்களின் மொழி. அவ்வளவு தூரம் பரவிய குடும்பத்தில் எல்லாரிடமும் இருக்கிற சொல் என்றால் அது அவர்களின் சொந்தச் சொல்.

இரண்டுக்கு மலாயில் துவா. சமஸ்கிருத த்வ மாதிரியே இருக்கிறது, எத்தனையோ பேர் அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். மடகாஸ்கரில் ரோவா, நியூசிலாந்தின் மவோரியில் ருவா. மவோரிக்காரர்களுக்கு யார் போய்ச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தது? கண்ணுக்கு மலாயில் மாதா, கிரேக்கத்தில் மாதி. அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஆனால் உண்மையாகவே நம்மிடமிருந்து மலாய்க்குப் போனவையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. கப்பல் அங்கே காப்பால். கடை அங்கே கெடாய், பினாங்கில் தெருவுக்குத் தெரு பலகையில் எழுதியிருக்கும். முதல் என்றால் முதலீடு, மலாயில் மோடால். கப்பலில் வந்து, கடை போட்டு, முதல் போட்டவர்கள் விட்டுவிட்டுப் போன சொற்கள். ஒரு மொழி இன்னொரு மொழியிடம் கடன் வாங்கும்போது அந்த ஆட்கள் கொண்டுவந்த பொருளோடும் தொழிலோடும் சேர்த்துத்தான் சொல்லை வாங்குகிறது. கண்ணும் கயிறும் இரண்டு என்ற எண்ணும் அவரவர் வீட்டிலேயே இருந்திருக்குமே.

குமரிக்கோடு

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கெடாய், மோடால் எனக்குத் தெரியாது, நன்றி. சரி, அப்படியானால் காசு? ஆங்கில கேஷ் நம் காசுதான் என்று பள்ளியிலேயே சொல்லித் தந்தார்கள். பணமும் பொருளோடு போவதுதானே. அதையும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

செப்புக்காசு

இது என் ஏரியா. பதிலை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது தம்பி, ஏனென்றால் ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொல் இருக்கிறது. எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, பிறப்பு வேறு.

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு செப்புக் காசு கிடக்கிறது. நல்ல கனம், விளிம்பு தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், கீழே 1808. திருப்பினால் பாரசீக எழுத்து, அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது என்று போட்டுப் பக்கத்தில் காஷ் என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறது. இது சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது. இதே 1808 காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கடற்கரையைத் தாண்டுமுன்பே புயலில் குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது, அந்தக் காசுகளை 1980-களில் கடலடியிலிருந்து எடுத்தார்கள். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை சென்னையில் கம்பெனியின் பேரேடு இப்படித்தான் ஓடியது.

அந்தக் காசில் பொறித்திருக்கும் காஷ் நம்முடையது, சந்தேகமே வேண்டாம். போர்ச்சுகீசியர் காசு என்று கேட்டதைத் தங்கள் மொழியில் கைஷா என்று எழுதினார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். இந்தச் சொல் நம் ஊரோடு நிற்கவில்லை, சீனாவில் நடுவில் ஓட்டை போட்ட சில்லறைக் காசுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயரை வைத்தார்கள்.

ஆனால் இன்று கடையில் "கேஷா, கார்டா" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் வேறு. அதன் மூலம் லத்தீன் கப்சா, பெட்டி என்று பொருள். இத்தாலியில் கஸ்ஸா, பிரெஞ்சில் கஸ். முதலில் ஆங்கிலத்திலும் பணப்பெட்டியைத்தான் அப்படிச் சொன்னார்கள், பிறகு பெட்டிக்குள் இருப்பதற்கும் அதே பெயர் ஆகிவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? போர்ச்சுகீசியர் நம் காசை எழுதப் பயன்படுத்திய அதே கைஷா அவர்கள் மொழியில் பெட்டிதான், அதுவும் அதே கப்சாவின் பிள்ளை. நம் காசு அவர்கள் காதில் தெரிந்த சொல் மாதிரி விழுந்திருக்கிறது, தெரிந்த எழுத்தில் எழுதிவிட்டார்கள்.

காசு என்பதே தமிழ் அடிச்சொல்லா, கர்ஷ என்ற சமஸ்கிருத எடைப் பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. எதுவானாலும் சென்னையிலிருந்து ஆங்கிலத்துக்கு ஏறியது தமிழ்க் காசுதான்.

குமரிக்கோடு

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். இருபது காஷ் நாணயத்தின் படம் கேட்கிறார். தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?

கொல், கில் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.

ஏட்டுச்சுவடி

கில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவதே கிட்டத்தட்ட எண்ணூறு வருடத்துக்கு முன்புதான். அப்போது அதன் பொருள் அடிப்பது, மோதுவது. சாகடிப்பது பிறகு ஏறிய பொருள். நம் கொல் சங்கப் பாட்டிலேயே கொல்வதாகத்தான் இருக்கிறது. ஒலியும் முழுசாகப் பொருந்தவில்லை, பொருளும் பழைய இடத்தில் பொருந்தவில்லை.

இன்னொன்று. க, ல, நடுவில் ஓர் உயிர் என்று மூன்றே ஒலியில் ஒரு சொல். உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள், ஒவ்வொன்றிலும் இப்படிக் குட்டிச் சொற்கள் நூற்றுக்கணக்கில். மனிதர் வாயில் வரக்கூடிய ஒலி கொஞ்சம்தான். மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாரசீகத்தில் கெட்ட என்பதற்கு பத், பத்மாஷ் என்கிறோமே அதில் இருக்கும் பத். ஆங்கிலத்தில் பேட். அந்த இரண்டு மொழிகளும் தூரத்து உறவு, ஆனாலும் இந்தச் சொல்லில் உறவில்லை.

உச்சம் என்றால் ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான். வடக்குக் குவீன்ஸ்லாந்தில் ம்பபாரம் என்று ஒரு பழங்குடி மொழி. 1960-களில் டிக்சன் என்ற மொழியியலாளர் அந்த மொழி தெரிந்த ஒரு முதியவரைத் தேடிப் பிடித்து, நாய்க்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். டாக் என்றார் முதியவர். ஆங்கிலத்தைச் சொல்கிறாரோ என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. பக்கத்து மொழியான யிடினியில் நாய்க்கு குடக. அந்த வட்டாரத்தின் பழைய சொல் அதுதான், ம்பபாரத்தில் முன்னாலிருந்த அசை உதிர்ந்து, கடைசி உயிரும் போய், மிச்சம் நின்றது டாக். அந்த மொழியில் மற்ற சொற்களிலும் இதே மாதிரி தலை உதிர்ந்திருக்கிறது, அதனால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒலி ஒன்று, பொருள் ஒன்று, ஆனால் உறவு துளிக்கூட இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு வாட்ஸப் பட்டியல் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த முதியவர் நினைவுதான் வருகிறது.

தம்பி, எனக்கும் உங்கள் அப்பாவைப் போலவே ஆதங்கம் உண்டு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சுருட்டு ஆங்கிலத்தில் ஷெரூட் ஆனது, கட்டுமரம் கேட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகடானி என்று சூப் ஆனது, இதெல்லாம் சாட்சி உள்ள உண்மை. எட்டையும் கொல்லையும் இதே பட்டியலில் சேர்த்து அனுப்பினால், படிக்கிற வெளியாள் கட்டுமரத்தையும் சேர்த்துக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவான். நம் உண்மைக்கு நாமே குழி தோண்டுவது அது.

பனங்கிழங்கு (பாரிஸ்)

மன்னிக்கவேணும், தாமதமாகிவிட்டது. என் சொல் பாண். தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: நீங்கள் பிரெட் என்பதை நாங்கள் பாண் என்போம். ஒரு றாத்தல் பாண், அரை றாத்தல் பாண் என்றுதான் கடையில் கேட்பது. 1505-இல் போர்ச்சுகீசியர் இலங்கைக்கு வந்தார்கள், அவர்களின் பௌங் எங்களிடம் பாண் ஆகிவிட்டது. கதிரை, அலுமாரி, மேசை, சப்பாத்து எல்லாம் அவர்கள் விட்டுப்போனதுதான். ஜப்பானுக்கு அவர்கள் போனது 1543-இல், அங்கும் இதே சொல்லைக் கொடுத்தார்கள், ஜப்பானியரும் இன்றுவரை பான் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தி பேசுகிறவருக்கு பான் என்றால் வெற்றிலை, இலை என்று பொருள்படும் பர்ண என்ற சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் பாண் என்றால் பாட்டு, பாணர் அதில்தான் வந்தது, எங்கள் ஊரின் பெயருக்கே யாழ் வாசித்த பாணன் கதையைத்தான் சொல்லுவார்கள். மூன்றும் மூன்று இடத்துச் சொற்கள்.

அம்மாவை 2009-க்குப் பிறகு இங்கே கூப்பிட்டோம். வந்த முதல் கிழமை லா ஷப்பேல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. ஒரு வெதுப்பகத்தின் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சில் பாணுக்கான சொல், அதை ஆங்கிலமாக வாசித்தால் பெயின், எங்கள் பேச்சில் நோ, அதாவது வலி. "ஏன் பிள்ளை, கடைக்கண்ணாடியில நோ எண்டு எழுதி வைச்சிருக்கினம்?" என்று கேட்டார். அப்படி ஒரு காலத்திலிருந்து வந்தவர், அந்தச் சொல் கண்ணில் பட்டதும் முகம் மாறிவிட்டது. இல்லையம்மா, இது பாண், பேங் என்று மூக்கால் சொல்லுவார்கள் என்றேன். உள்ளே போய் ஒன்று வாங்கினோம், நீளமானது, இன்னும் சூடு ஆறவில்லை. அம்மா முனையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "பாண், பேங்" என்று இரண்டு மூன்று தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

அது தற்செயல் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். தற்செயல் இல்லை. பிரெஞ்சுச் சொல்லுக்கும் போர்ச்சுகீசியச் சொல்லுக்கும் மூலம் லத்தீனின் பானிஸ். ஒரு கிளை இங்கேயே இருந்துவிட்டது, இன்னொரு கிளை கப்பலேறி யாழ்ப்பாணம் போய், எங்கள் வாயில் ஐந்நூறு வருடம் இருந்து, அம்மாவோடு திரும்பவும் பாரிசுக்கு வந்திருக்கிறது. ஆங்கிலத்தின் பெயின் வேறு, அது தண்டனை என்று பொருள்படும் பொயினா என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. எழுத்து அச்சொட்டாக அதே, உறவு இல்லை. ஒலி மாறிப்போன பாண்தான் உறவு.

நோ என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. லண்டனில் பெரியம்மா மருத்துவமனையில் கிடந்தபோது தாதி, வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரியம்மா, "நோ... நோ..." என்றார். தாதி வலி இல்லை என்று குறித்துக்கொண்டு திரும்பிவிட்டார். மகள் கதவடியில் நின்றதால் ஓடிப்போய் மறித்து விளங்கப்படுத்தினாள். எங்களுக்கு நோ என்றால் வலி. நோய், நோவு, நோகுது எல்லாம் அதன் பிள்ளைகள். இப்போது எங்கள் சனம் யாரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், "அவர் நோ என்றால் வலிக்கிறது என்று அர்த்தம்" என்று நான் முதலிலேயே தாதியிடம் சொல்லிவிடுவேன்.

மாணவி_மூன்றாமாண்டு

அண்ணா, அம்மா பாண் சாப்பிட்ட இடத்தைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது.

பம்புக்கடை (கோவை)

எல்லாருக்கும் நன்றி. கடையில் வேலை செய்கிற பையன்களையும் உட்கார வைத்து முழுசாக வாசித்துக் காட்டினேன். விஜயவாடாக்காரருக்கு இன்று காலை போன் போட்டு, எங்கள் ஊரில் அவசரம் என்றால் இதுதான் பொருள், அதனால்தான் அப்படி ஆயிற்று என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், போன வருடம் நான் அவரிடம் "அவசரமாக வேண்டும்" என்று ஒரு பாகம் கேட்டேனாம், தேவை இருக்கிறது என்றுதானே சொல்கிறார் என்று அவர் பத்து நாள் கழித்து அனுப்பினாராம். அப்போது நான் கோபமாகப் பேசியது ஏன் என்று இன்றுதான் விளங்கியது என்றார்.

மதியம் பாலக்காட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத மோட்டாரில் வெள்ளம் கேறிவிட்டது என்றார். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாருக்கு வாரண்டி கிடையாது என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "வெள்ளம்னு தண்ணியச் சொல்றீங்களா, மழை வெள்ளத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். வெறும் தண்ணீர்தான், சீல் வழியாக ஒழுகி உள்ளே இறங்கியிருக்கிறது. மாற்றுச் சீல் இன்று சாயங்காலம் பஸ்ஸில் போகிறது.